தொகுதி எல்லையும் குடிகளின் வாக்கும்

தேர்தல் என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவன வேட்பாளர் பெயரும், கட்சிக் கொடியும், வோட்டுச் சாவடியுமே. அவ்வோட்டு எந்த எல்லைக்குள் வைத்து எண்ணப்படுகிறது, அவ்வெல்லையை வரைந்தவர் யாவர், எவ்வளவுகோல் கொண்டு வரைந்தனர் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. வோட்டுப் போடுவதற்குப் பன்னாள் முன்னரே, எங்கோ ஓர் அறையில், மேசைமேல் விரித்த படத்தின்மீது ஒரு கோடு இழுக்கப்படும் பொழுதே முடிவிற் பாதி தீர்ந்துவிடுகிறதென்று நாம் கூறின், அது மிகையெனத் தோன்றலாம். மிகையன்று என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. நம் திருத்தணியின் வரலாறே போதும்.

ஆடிக் கிருத்திகையன்று தணிகை மலைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்தை நம் அன்பர்கள் யாவரும் கண்டிருப்பர். படியேறுவோருட் சிலர் முருகனைத் தமிழிற் கூவியழைப்பர். சிலர் சுப்பிரமணிய சுவாமியைத் தெலுங்கில் வேண்டுவர். இருசாராரும் ஒரே சரவணப் பொய்கையில் நீராடி ஒரே படியில் ஏறுவர். மலையடியினின்று பள்ளிப்பட்டு நோக்கிச் செல்லின், அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களில் தறியோசை கேட்கும்; வீட்டிற் பேசுவது ஒரு மொழியும், கணக்கெழுதுவது மற்றொரு மொழியுமாக வாழும் குடும்பங்கள் அங்கே பல. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கட மலையை வடக்கெல்லையாகக் கூறுவது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஒரு மலை எல்லையாயிருத்தல் வேறு, ஒரு கோடு எல்லையாயிருத்தல் வேறு. மலைக்கு இருபுறமும் சரிவுண்டு. அச்சரிவில் மக்கள் கலந்து வாழ இடமுண்டு. கோட்டிற்கோ அகலமே இல்லை.

இப்பகுதி முன்னாளிற் கார்வேட்டிநகர ஜமீனைச் சார்ந்து, வட ஆர்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தது. 1911 ஏப்ரல் முதல் தேதி, வட ஆர்க்காட்டினின்று சில தாலுகாக்களும் ஜமீன்களும், கடப்பை ஜில்லாவினின்று மதனபள்ளி, வாயல்பாடு என்பனவும் பிரிக்கப்பட்டுச் சித்தூர் ஜில்லா என ஒரு புதிய ஜில்லா அமைக்கப்பட்டது. திருத்தணி அதனுட் சேர்ந்தது. அக்காலத்தில் அது பற்றிப் பெரிய கிளர்ச்சியொன்றும் எழவில்லை. ஏனெனின், எல்லார்க்கும் வோட்டுரிமை வராத நாளில் ஜில்லா எல்லை என்பது கலெக்டர் எங்கே இருக்கிறார் என்பதைக் காட்டும் குறியேயன்றி வேறன்று. சென்னை மாகாணம் ஒன்றாயிருந்தவரை, சித்தூருக்குப் போவதும் வேலூருக்குப் போவதும் குடியானவனுக்கு ஏறக்குறைய ஒன்றே. வண்டிக்கூலியில்தான் வேற்றுமை.

நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து அவ்வாட்சிக் கோடே அரசியற் கோடாயிற்று. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ஆம் தேதி உண்ணாவிரதத்தில் உயிர் துறந்தபின், 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா முழுவதும் ஆந்திரத்திற்கு என முடிவாயிற்று. ஜில்லாவை ஒரே அலகாகக் கொண்டு எண்ணினால் தெலுங்கு பேசுவோரே பெரும்பான்மையர். ஆதலின் அம்முடிவிற்கு ஒரு நியாயம் இருந்ததுபோலத் தோன்றும். அந்த ஜில்லாவிற்குள் தமிழ் பேசுவோர் மிகுந்த திருத்தணித் தாலுகா, பெருங்குளத்துள் விழுந்த குடத்து நீர்போல் மறைந்துபோயிற்று.

இங்கே நம் அன்பர்கள் சற்றே நின்று நோக்க வேண்டுகிறோம். அதே ஆண்டில், அதே சட்டத்தினால், பல்லாரி ஜில்லாவும் பிரிக்கப்பட்டது. அங்கே ஜில்லா அலகாகக் கொள்ளப்படவில்லை, தாலுகாவே அலகாயிற்று. ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் என்னும் மூன்று தாலுகாக்கள் ஆந்திரத்தைச் சேர, எஞ்சியவை மைசூரைச் சேர்ந்தன. பல்லாரித் தாலுகா ஒன்றைப் பற்றி ஐயம் எழவே, அதனை விசாரிக்க நீதிபதி மிஸ்ரா தனியே நியமிக்கப்பட்டார். பல்லாரிக்குத் தாலுகாவை எண்ணினர், சித்தூருக்கு ஜில்லாவை எண்ணினர். சித்தூரிலும் தாலுகாவை எண்ணியிருப்பின், ஒரு குடும்பமும் இடம் பெயராமல், ஒருவர் தாய்மொழியும் மாறாமல், முடிவு மட்டும் தலைகீழாகியிருக்கும். பெரும்பான்மை என்பது மண்ணில் விளைந்து கிடக்கும் பொருளன்று என்பதும், எந்தப் பாத்திரத்தால் அளக்கிறோமோ அதற்கேற்ப அது கூடியும் குறைந்தும் காணும் என்பதும் நாம் இதனாற் கண்ட உண்மைகள்.

புதிய ராஜ்யத்தின் தலைநகர் கர்னூல். ஹைக்கோர்ட்டு குண்டூரில் அமைந்தது. ஐம்பது மைலில் ரெயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பொழுது சாயுமுன் திரும்பிப் பழகிய திருத்தணியார்க்கு இவ்வூர்கள் எத்துணைத் தொலைவு என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. 1952ல் சென்னைச் சட்டசபைக்கு வோட்டளித்தவர்கள், 1955ல் ஆந்திரச் சட்டசபைக்கு வோட்டளித்தனர்; 1962ல் மீண்டும் சென்னைச் சட்டசபைக்கே அளித்தனர். பத்தாண்டிற்குள், இருந்த இடத்திலிருந்தே, இரண்டு ராஜ்யங்களின் குடிகளாக அவர்கள் வாழ்ந்து பார்த்தனர்.

இத்தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டுமென்ற கிளர்ச்சியின் கதை நம் முதியோர் பலர்க்கு நேரிற் கண்டதாயிருக்கும். மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் இப்பக்கத்து ஊர்களிற் கைம்மாறு கருதாது தமிழ் கற்பித்து வந்தார். 1946ல் தமிழரசுக் கழகத்தைத் தோற்றுவித்த ம. பொ. சிவஞானம் அவர்களை வடவெல்லைக்கு அழைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் உடன் நின்றார். 1953ல் தொண்டர் பலர் சிறை புகுந்தனர், சிவஞானமும் சிறைப்பட்டார். இவ்வளவும் பலர் எழுதியுள்ளனர். நாம் விரிக்கப் புகவில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. வோட்டுரிமை பெற்ற குடிகள் தம் குறையை வோட்டினால் தீர்த்துக் கொள்ளாமல் சிறை புகுந்தது ஏன்?

விடை எளிது. திருத்தணியார் அனைவரும் ஒருமனதாய் ஒரே பக்கம் வோட்டளித்திருப்பினும், ஆந்திரச் சட்டசபையில் அவர்தம் பிரதிநிதிகளின் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதே. எந்த எல்லையை மாற்றவேண்டுமென்று அவர் கேட்டனரோ, அந்த எல்லைதான் அவரைச் சிறுபான்மையராக்கியது. சிறுபான்மையரானபின் அதனை மாற்றும் வலிமை அவர் வோட்டிற்கு எங்ஙனம் வரும்? அன்றியும், அரசியற் சட்டத்தின் மூன்றாம் விதிப்படி ராஜ்ய எல்லைகளை மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டிற்கே உரியது. சம்பந்தப்பட்ட சட்டசபைகளின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் வேண்டியதில்லை. எல்லையோரத்துக் குடிகளைக் கேட்கவேண்டுமென்றோ அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை.

பின்னர், ஸ்ரீ பட்டாஸ்கர் 1956ல் நடுவராக அமைந்து, 1957ல் தம் முடிவைத் தெரிவித்தார். அவர் கொண்ட அளவுகோல் யாதெனின், ஜில்லாவுமன்று, தாலுகாவுமன்று, கிராமமே அலகு. 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் எம்மொழியார் ஒரு கிராமத்தில் மிகுதியோ, அக்கிராமம் நிலத்தொடர்ச்சி அறாதவாறு அம்மொழி ராஜ்யத்தைச் சேர்தல் வேண்டும் என்பது அவர் நெறி. இதன்படி 1959ல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணித் தாலுகாவின் பெரும்பகுதி, ஏறத்தாழ 400 சதுர மைல் நிலம், சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கிற்று. ஆந்திரப் பிரதேசச் சட்டசபையின் 301 இடங்கள் 300 ஆகவும், சென்னைச் சட்டசபையின் 205 இடங்கள் 206 ஆகவும் ஆயின. ஏழாண்டுக் கிளர்ச்சியின் பயனைச் சட்டசபைக் கணக்கிற் பார்த்தால் ஒரே ஒரு நாற்காலி இடம் மாறியதுதான்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிச் செல்கிறோம். அச்சட்டம் நிறைவேறிய காலத்தில் லோக்சபையின் தலைவர் சித்தூர்த் தொகுதிப் பிரதிநிதியாகிய அனந்தசயனம் அய்யங்கார். ராஜ்யசபையின் தலைவர் 1888ல் திருத்தணியிற் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தபோது அவ்வூர் வட ஆர்க்காடு, பிறகு சித்தூர், பிறகு ஆந்திர ராஜ்யம், 1956ல் ஆந்திரப் பிரதேசம், அவர் ஜனாதிபதியான 1962லோ சென்னை ராஜ்யத்துச் செங்கற்பட்டு ஜில்லா. 1997க்குப் பின் அது திருவள்ளூர் மாவட்டம். பிறந்த ஊரை ஒரு படிவத்தில் எழுதவேண்டி வந்திருப்பின் அப்பெருந் தத்துவ ஞானியும் சற்றுத் தயங்கியிருப்பார்.

நாம் ஏப்ரல் முதல் தேதியைக் கொண்டாடுகிறோம், அது தகும். எனினும் ஒரு பக்கத்தை மறைத்துப் பேசுதல் வரலாறு ஆகாது. திருத்தணி வந்ததற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர்த் தாலுகாக்களினின்று சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்களும், சேலம் ஜில்லாவினின்று சில கிராமங்களும் ஆந்திரத்திற்குச் சென்றன. அங்கே சென்ற தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இங்கே பள்ளிப்பட்டுப் பக்கத்தில் நின்றுவிட்ட தெலுங்குக் குடும்பங்களும் உண்டு. நம் உறவினரிலேயே சகோதரி ஒரு ராஜ்யத்திலும் சகோதரன் ஒரு ராஜ்யத்திலுமாக ரேஷன் வாங்குவோர் இலரா? கிராமத்தை அலகாக்கியது ஜில்லாவை அலகாக்கியதினும் நேரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நூற்றுக்கு ஐம்பத்திரண்டுபேர் ஒரு மொழியாரும் நாற்பத்தெட்டுபேர் மற்றொரு மொழியாருமான கிராமத்தில், அந்நாற்பத்தெட்டு பேருக்குக் கோடு எங்கே விழுந்தாலும் அது பிழையான இடத்தில் விழுந்த கோடே.

ராஜ்ய எல்லையைப் பற்றிக் கூறிய இவ்வளவும் தேர்தல் தொகுதி எல்லைக்கும் அப்படியே பொருந்தும். ஒரு கணக்கினால் விளக்குவோம். மூன்று தொகுதிகள், தொகுதிக்கு 30,000 வோட்டர்கள், ஆக 90,000 பேர் எனக் கொள்வோம். அவருள் நெசவாளர் 36,000. தொகுதிக்கு 12,000 பேராக மூன்றிலும் அவர்களைச் சிதறடித்து எல்லை வரைந்தால், அவர்க்கு ஓரிடமும் கிட்டாது. 30,000 பேரை ஒரே தொகுதியில் அடைத்துவிட்டால், ஓரிடம் கிட்டும்; எஞ்சிய 6,000 பேரின் வோட்டு வேறிடத்திற் கரைந்துபோம். 18,000 பேராக இரண்டு தொகுதிகளில் வைத்தாலோ, மூன்றில் இரண்டிடம் அவர்க்கே. ஒரு நெசவாளியும் மனம் மாறவில்லை. ஒரு வோட்டும் திருடப்படவில்லை. பென்சில் மட்டுமே நகர்ந்தது. 1812ல் அமெரிக்காவில் மாசச்சூஸெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி என்பார் தம் கட்சிக்கு ஆதாயமாக வகுத்த தொகுதிச் சட்டத்திற்குக் கையொப்பமிட்டார். அவற்றுள் ஒரு தொகுதி வளைந்து நெளிந்து சாலமாண்டர் என்னும் பல்லியுருவப் பிராணியைப் போலிருக்கவே, அவர் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒட்டி இத்தந்திரத்திற்கே ‘ஜெர்ரிமாண்டர்’ என்று பத்திரிகைகள் பெயரிட்டன.

கோட்டை நகர்த்துவது ஒரு தீங்கானால், நகர்த்தாமலே விட்டுவிடுவதும் தீங்கே. இங்கிலாந்தில் ஓல்டு ஸாரம் என்னும் இடம் ஆளரவமற்ற மேடாய்ப் போனபின்னும் இரண்டு பிரதிநிதிகளைப் பார்லிமெண்டிற்கு அனுப்பி வந்தது. ஆலைகள் நிறைந்த மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம்வரை இந்நிலை நீடித்தது.

இவ்விரண்டினும் கொடியது நம்மினத்தார்க்கு இலங்கையில் நேர்ந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் அறுவரைப் பார்லிமெண்டிற்கு அனுப்பினர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டத்தினாலும், 1949ல் வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தினாலும் அவருட் பெரும்பாலோர் வோட்டர் பட்டியினின்று நீக்கப்பட்டனர். 1952 தேர்தலில் அக்காங்கிரஸிற்கு ஓரிடமும் இல்லை. இது யாவரும் அறிந்த அநீதி. அதனடியில் மறைந்துள்ள மற்றொன்றைச் சிலரே கவனிப்பர். அங்கே தொகுதிகள் பெரும்பாலும் ஜனத்தொகையைக் கொண்டு, 75,000 தலைக்கு ஓர் இடம் என ஒதுக்கப்பட்டன. வோட்டிழந்த தமிழரும் ஜனத்தொகையில் தலைகளாக எண்ணப்பட்டனர். அவர்தம் தலைக்கணக்கினாற் கண்டிப் பகுதிக்குக் கிடைத்த இடங்களை, அங்கு வோட்டுரிமை பெற்றிருந்த ஏனையோரே நிரப்பினர். ஒருவனை விருந்திற்கு எண்ணி இலை போட்டுவிட்டு, அவனை வாயிலில் நிறுத்தி, அவன் இலையையும் மற்றவர் உண்பது போன்றது இது. எல்லை வரைவோன் யாரை எண்ணுகிறான் என்பதும், எண்ணப்பட்டவன் பேச இடமுண்டா என்பதும் இரு வேறு வினாக்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குத் தெரியாது.

நம் தேசத்தில் தொகுதி வரையறை கட்சிக்காரர் கையில் விடப்படவில்லை என்பது பெரிய ஆறுதல். 1952, 1962, 1972, 2002ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி நீதிபதிகள் தலைமையில் கமிஷன்கள் அமைந்தன. பார்லிமெண்டு, சட்டசபை மெம்பர்கள் உடனிருந்து கருத்துரைக்கலாம். முடிவில் அவர்க்கு வோட்டில்லை. வரைவை வெளியிட்டுக் குடிகளின் ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும் என்பதும் விதி. ஆனால் கமிஷனின் இறுதி உத்தரவு வெளியானபின் கோர்ட்டுக்குப் போக வழி மிக அரிது; 1966ல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழியில்லையென்றே தீர்ப்பளித்தது. ஆதலின் குடிகள் வாய் திறக்கத்தக்க காலம் வரைவிற்கும் உத்தரவிற்கும் இடைப்பட்ட சில வாரங்களே. அக்காலத்தில் உறங்கியவன் அடுத்த வரையறைவரை உறங்கவேண்டியதுதான். அதுவோ எளிதில் வருவதன்று. 1961 குடிமதிப்பின் பயனாகச் சென்னை ராஜ்யத்தின் லோக்சபை இடங்கள் 1967 தேர்தலில் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. 1976ல் அரசியற் சட்டத்தைத் திருத்தி, ராஜ்யங்களின் இடத்தொகையை 1971 குடிமதிப்போடு நிறுத்தி வைத்தனர். 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நிறுத்தத்தை 2026க்குப் பின் எடுக்கும் முதற் குடிமதிப்புவரை நீட்டியது. 2008ல் நடைமுறைக்கு வந்த வரையறையில் இடத்தொகை மாறவில்லை. ராஜ்யத்திற்குள் எல்லைகள் மட்டும் மாறின.

அவ்வெல்லை மாற்றத்தில் திருத்தணிக்கு நேர்ந்ததைக் காண்போம். 1967லும் 1971லும் திருத்தணி என்னும் பெயரிலேயே ஒரு லோக்சபைத் தொகுதி இருந்தது. 1977 முதல் அது அரக்கோணம் தொகுதியாயிற்று. 2006 தேர்தல்வரை பள்ளிப்பட்டுக்கெனச் சட்டசபையில் ஓர் இடம் இருந்தது. 2008 வரையறையில் அத்தொகுதி நீங்கி, அப்பகுதி திருத்தணியுள் அடங்கிற்று. திருத்தணியோ, அரக்கோணம், சோளிங்கர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆர்க்காடு என்னும் தொகுதிகளோடு சேர்ந்து ஒரு லோக்சபைத் தொகுதியாயிற்று. நம்மவர் பட்டா மாற்றத்திற்கும் சாலைக்கும் மனுக் கொடுக்கத் திருவள்ளூர்க் கலெக்டரிடம் போகவேண்டும். அம்மனுவைப் பரிந்துரைக்கவேண்டிய லோக்சபை மெம்பரோ திருவள்ளூர், இராணிப்பேட்டை, வேலூர் என மூன்று கலெக்டர்களைப் பார்க்க வேண்டியவர். அம்மூவருள் திருவள்ளூர்க்காரரிடம் அவர்க்கு வேலை ஆறில் ஒரு பங்கே. இதனால் எவரையும் குறை கூறுகிறோமல்லோம். ஆட்சி எல்லையும் தேர்தல் எல்லையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் நிற்கும் குடியானவன் கதி இதுதான். அன்றியும் பள்ளிப்பட்டு தனக்கென ஓரிடம் பெற்றிருந்தபோது, அங்கே வோட்டுக் கேட்க வந்தவர் எவராயினும் இரு மொழியும் பேசியே தீரவேண்டும்; அத்தேவை இப்பொழுது எவ்வளவு குறைந்ததென்பதை அவ்வூரார்தாம் கூறவேண்டும்.

இனி நம்மைப் பற்றியும் சிறிது கூறாது விடின் நேர்மையன்று. அக்கமிஷனின் வரைவு வெளியான நாளில் நம் சங்கக் கட்டிடத்தில் ஒரு கூட்டம் கூடினோம். திருத்தணி, பள்ளிப்பட்டுத் தாலுகாப் படங்களை ஒட்டி மேசைமேல் விரித்து, நம்மவர் மிகுந்து வாழும் ஊர்களைச் சிவப்பு மையினாற் சுழித்தோம். அவ்வூர்களையெல்லாம் ஒரே தொகுதியிற் சேர்க்குமாறு கேட்கவேண்டுமென்றனர் ஒருசாரார். ஒன்றில் அடைந்தால் ஒரு மெம்பர், இரண்டிற் பரந்தால் இருவரும் நம்மைத் தேடி வருவர் என்றனர் மற்றொரு சாரார். எழுந்த வாதம் சிறிதன்று. சுழித்த ஊர்களைக் கோட்டினால் இணைத்துப் பார்த்தபோது, அக்கோடு ஓர் ஊரைத் தழுவி, அடுத்த இரண்டு ஊரைத் தள்ளி, குன்றைச் சுற்றி, ஆற்றைத் தாண்டி நெளிந்து கிடந்தது. கூட்டத்திலிருந்த பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், “இதற்கு வால் மட்டுந்தான் குறை” என்று சிரித்தார். அப்பொழுது எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவர் தடியை ஊன்றி எழுந்து, தம் ஊரைக் காட்டி, “நம் ஏரிக்குக் கடைமடை இதோ, நீங்கள் தள்ளிவிட்ட இந்தத் தெலுங்கார் ஊர். மதகு பழுதானால் இருவரும் சேர்ந்துதான் மனுக் கொடுப்போம். இனி ஆளுக்கொரு மெம்பரிடம் போவதா?” என்றார். எவர்க்கும் விடை தோன்றவில்லை.

மும்முறை கூடிப் பேசினோம். முடிவில் சாதிக் கணக்கை விடுத்து, பள்ளிப்பட்டுத் தொகுதியை நீக்கலாகாது என்றும், ஒரே ஏரிப் பாய்ச்சலில் உள்ள ஊர்களைப் பிரிக்கலாகாது என்றும் இரண்டே வேண்டுகோள் எழுதத் துணிந்தோம். பக்கத்து ஊர்த் தெலுங்குப் பெரியோரும் கையெழுத்திட இசைந்தனர். கையெழுத்து வாங்கி முடிந்த நாளில் ஆட்சேபத்திற்குரிய தவணை ஒன்பது நாள் கடந்திருந்தது. முதல் இரண்டு கூட்டங்களும் நம்மவர் ஊர்களைச் சுழிப்பதிலேயே கழிந்தமையால் வந்த வினை அது. அந்த மனுவும், சிவப்பு மையிட்ட படமும் சங்க அலமாரியில், பழைய ஆண்டறிக்கைகளுக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. காண விரும்பும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் காரியதரிசியிடம் சாவி கேட்டுப் பெறலாம்.